படம் கீறினவரின் பெயர்

இயேசு மரி சூசை

மொன்றியல்
14.10.2002

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கு நானும் இவரும் மகள் லக்சனாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். உங்கள் சுகத்துக்கும் அவரையே வேண்டுகிறேன். மரியதாஸ் மாமாவின் முழங்கால் நோ எப்படி? றோசா மாமிக்குக் கண் ஒப்பரேசன் முடிந்ததா? உங்கள் வெள்ளை ஆடு குட்டி போட்டுவிட்டதா? சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு கடிதம் மூன்று கிழமையில் வந்து சேருகிறது. ஆகவே இனிச் சாட்டுச் சொல்லாமல் பதில் போடவும்.

ஒரு புதினம். நான் சமைக்கிற கார்டெரியில், அதுதான் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், மிச்சிக்கோ என்று ஒரு யப்பான்காரி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். என் வயதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டிலிருந்து வருகிறாள். போன கிழமை ஒரு சின்ன மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்னுக்கு இரண்டு கதவு. திறந்தால் நாடக மேடை. உள்ளே படங்கள் அடுக்காக நிற்கும். ஒவ்வொரு படமாகப் பக்கத்தால் உருவி உருவிக் கதை சொல்ல வேண்டும். காமிஷிபாய் என்று பெயர். முந்தி அவர்கள் ஊரில் இந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்களாம். இரண்டு கட்டையைத் தட்டினால் பிள்ளைகள் ஓடி வந்து இனிப்பு வாங்குவார்கள், பிறகு கதை. கதைகாரன் சரியான இடத்தில் நிறுத்திப்போட்டு மிச்சம் நாளைக்கு என்று போய்விடுவானாம். கெட்டிக்காரன்.

மிச்சிக்கோ படத்தை முழுதாக உருவமாட்டாள். பாதியில் நிறுத்துவாள். அடுத்த படத்தில் பாதி தெரியும், மற்றப் பாதிக்குள் என்ன இருக்கிறதென்று பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்க்கும். நான் சமையலறைக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது.

அவள் என்னைக் கேட்டாள், எங்கள் ஊரில் கதை இல்லையா என்று. இல்லையோ? வருகிற யூன் மாதம் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் நூலகத்தில் பல நாட்டாரும் கதை சொல்லும் நாள் ஒன்று வைக்கிறார்கள். நான் சொல்வதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். நன்றாக அமைந்தால் மாதம் ஒருதரம் கதை நேரம் எனக்கே தருவார்கள். எனக்கு இது வேண்டும் அண்ணை. பதினொரு வருடமாக இந்த நாட்டில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன்.

அப்பா முந்திச் சொல்லுகிற புயல் கதையை நான் எழுதுகிறேன். படம் நீங்கள் கீறித் தர வேண்டும். அப்பாவின் கை உங்களுக்குத்தான் வந்தது.

ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.

தங்கச்சி,
இமெல்டா


இயேசு மரி சூசை

மன்னார்
09.11.2002

அன்புத் தங்கச்சி இமெல்டாவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோசம். நீ, அருமைராசா, மருமகள் மூவரும் குளிருக்குக் கவனம். ஆட்டுக்கும் சுகம் கேட்டிருந்தாய். ஆடு சுகம், இரண்டு குட்டி. மாமாவின் முழங்கால் மழை வருமுன்னே மழையைச் சொல்கிறது. மாமிக்கு ஒரு கண் முடிந்தது, மற்றக் கண்ணுக்குத் தை மாதம் போக வேண்டும். பாலாவும் சுகம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் களைத்துப் போகிறாள். நீ கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தானே எழுதி வருகிறேன்.

உன் பெட்டிக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். அப்பா இருந்திருந்தால் துள்ளியிருப்பார். கோயில் நாடகங்களுக்கு அவர் கீறின சீன் திரைகள் முப்பதடி, உனக்கு ஒரு முழத்தில் வேண்டும். எனக்கு இப்போது வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிற வேலை நிறைய இருக்கிறது. சமாதானம் என்றதும் எல்லோரும் புது வள்ளம் கட்டுகிறார்கள். ஆனாலும் கீறுவேன். கடலும் வானமும் என்றால் இன்றைக்கே தொடங்கலாம். கதையில் ஆட்களும் வருவார்களோ? அதை மட்டும் வடிவாக எழுது.

எல்லோருக்கும் எங்கள் அன்பு.

அண்ணன்,
பற்றிக்


இயேசு மரி சூசை

மொன்றியல்
05.12.2002

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். இங்கே பனி முழங்கால் மட்டும். உங்கள் சுகம், மாமா மாமி சுகம், குட்டிகளின் சுகம் எல்லாம் எழுதவும்.

இது என்ன கேள்வி அண்ணை? ஆள் இல்லாமல் கதை எப்படி நடக்கும்? சீனில் ஆள் கீறக் கூடாது, ஆள்தான் மேடைக்கு வரப் போகிறானே என்று அப்பா சொல்லுவார். இதில் மேடையும் படம்தான், ஆளும் படம்தான். கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். பெருநாள் ஆயத்தம், வள்ளங்கள் கடலில், வீட்டில் பலகாரச் சூடு, சுறா, திடீர்ப் புயல், இருட்டில் கரை தெரியாத தவிப்பு. முதல் வள்ளம் எப்படியோ வந்து சேர, அதில் வந்தவர்கள் குதித்துக் கோயிலுக்கு ஓடி அந்தோனியார் சுரூபத்தைத் தூக்கி வந்து பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தோடு கரையில் நிற்கிறார்கள். அந்த வெளிச்சம் பார்த்து மற்ற வள்ளங்கள் வருகின்றன. பன்னிரண்டு படம்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், படம் என் அண்ணை கீறுகிறார், எங்கள் அப்பாவின் பரம்பரை என்று. சுவாமிக்கும் தெரியும். நீங்கள் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரியைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பேன் என்று பார்த்துக்கொண்டும் இராதீர்கள். சுரூபம் தூக்கின அப்பாவுக்கு மகனாய்ப் பிறந்து, கோயிலுக்குப் போகாமல் பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்து ஒரு சைவப் பிள்ளையை முடித்தீர்கள். அதை விடுவோம். நத்தார் வருகிறது, நல்லதாக நாலு வார்த்தை எழுதுவோம்.

நத்தார் வாழ்த்துகளுடன்,
இமெல்டா


இயேசு மரி சூசை

மன்னார்
19.01.2003

அன்புத் தங்கச்சிக்கு,

புது வருட வாழ்த்து. இங்கு எல்லோரும் சுகம், பாலா உட்பட. அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

படங்களைப் பெட்டியாகக் கட்டி போன வியாழக்கிழமைதான் தபாற் கந்தோரில் கொடுத்தேன். தடித்த பிறிஸ்டல் போட் அட்டை. ஒவ்வொன்றின் பின்னும் அந்தந்தப் படத்துக்கு உரிய கதையை நீ எழுதினபடியே எழுதியிருக்கிறேன். ஈரம் படாமல் சீலையில் சுற்றியிருக்கிறது. சுற்றியது நானில்லை, என்னால் அவ்வளவு ஒழுங்காய்ச் சுற்ற முடியாது.

தங்கச்சி, சும்மா சொல்லவில்லை, இப்படி ஒரு வேலை நம் வீட்டில் இதுவரை நடந்ததில்லை. கட்ட மனமில்லாமல் ஒரு கிழமை சுவரில் சாத்தி வைத்திருந்தோம். மாமி ஒரு கண்ணால் பார்த்தே அழுதுவிட்டா. கிடைத்தவுடன் எழுது.

உன் அண்ணன்,
பற்றிக்


இயேசு மரி சூசை

மொன்றியல்
16.02.2003

என் அன்பு அண்ணைக்கு,

சுகம் கேட்பதைப் பிறகு கேட்கிறேன். படம் வந்தது!

இவர் லொங்குய்யில் வேலை முடித்து மெத்ரோ ரயிலில் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே நின்று பார்த்தார். லக்சனா தமிழ் வாசிக்கக் கள்ளம் பண்ணுகிற பிள்ளை. அவளே ஒவ்வொரு முகமாகத் தொட்டு, இவர் ஆர், அவர் ஆர் என்று கேட்டாள். அண்ணை, சின்ன வயதில் நீங்கள் கீறின ஆட்கள் தென்னைமரம் மாதிரி நிற்பார்கள். எது தலை எது கை என்று நான் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். இப்போது பார்த்தால் கரையில் நிற்கிற பொம்பிளைகள் மூச்சு விடுகிறார்கள். எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் இந்தக் கையை? என் இரத்தம் என்று நினைக்க நெஞ்சு விம்முகிறது.

ஒரு பிழை நடந்துவிட்டது, கோபிக்க வேண்டாம், யாருக்கும் வருகிற பிழைதான். திங்கட்கிழமை கார்டெரியில் ஒத்திகை பார்த்தேன். பிள்ளைகள் சுறாவைப் பார்த்துக்கொண்டிருக்க நான் பலகாரச் சூட்டை வாசிக்கிறேன். புயல் அடிக்கிறது, நான் சுறாவில் நிற்கிறேன். ஒரு பொடியன் எழும்பி, சுறாவும் பலகாரம் சாப்பிடுமோ என்று கேட்டான். மிச்சிக்கோ சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். விசயம் இதுதான். படம் பிள்ளைகள் பக்கம், எழுத்து என் பக்கம். முதற் படம் முன்னுக்கு நிற்கும்போது எனக்குத் தெரிவது கடைசிப் படத்தின் முதுகு. முதற் படத்தை உருவிப் பின்னுக்குச் செருகினால்தான் அதன் முதுகு எனக்குத் தெரியும், அப்போது பிள்ளைகள் பார்ப்பது இரண்டாம் படம். ஆகவே ஒரு படத்தின் கதையை அதற்கு முந்தின படத்தின் முதுகில் எழுத வேண்டும். முதற் படத்தின் கதை கடைசிப் படத்தின் முதுகில். நீங்கள் அந்தந்தப் படத்திலேயே எழுதினதால் நான் ஒரு படம் பிந்திப் போனேன். தாளில் மாற்றி எழுதி ஒட்டிவிட்டேன்.

இன்னொன்று. கதவைத் திறக்குமுன் கட்டையைத் தட்டி, கதையின் பெயர், எழுதினவர் பெயர், படம் கீறினவர் பெயர் மூன்றையும் சபைக்கு உரக்கச் சொல்ல வேண்டும். அது முறை. மிச்சிக்கோ இதில் கறார். படம் கீறினவரின் பெயரை விழுங்கிப்போட்டுக் கதவைத் திறக்கிறவர் களவெடுக்கிறவர் என்கிறாள். "படங்கள், மன்னார் அந்தோனிப்பிள்ளை மகன் பற்றிக்" என்று சொல்லப் போகிறேன். சரிதானே? நூலகத்தில் அச்சடிக்கிற தாளுக்கும் அதையே கொடுக்கலாமா?

மாமா, மாமி, ஆடுகள், எல்லோருக்கும் என் சுகம்.

பெருமையுடன்,
இமெல்டா


இயேசு மரி சூசை

மன்னார்
11.03.2003

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். சுகமே அறிய ஆவல். மாமியின் மற்றக் கண்ணும் நல்லபடி முடிந்தது. இப்போது இரண்டு கண்ணாலும் ஊர்ப் புதினம் பார்க்கிறா.

சுறா பலகாரம் சாப்பிட்ட கதையைக் கேட்டு வீட்டில் ஒரே சிரிப்பு. நீ சொன்னதைப் பழைய கடதாசிகளை அடுக்கிச் செய்து பார்த்தோம், அப்போதுதான் விளங்கியது.

பெயர் விசயம். அவசியம் சொல்லத்தான் வேண்டுமோ? "மன்னாரிலிருந்து வந்த படங்கள்" என்று சொன்னால் போதாதா? தாளுக்கும் அப்படியே கொடுக்கலாம். பெயர் என்ன பெயர். கதைதானே முக்கியம்.

தபசு காலம். உடம்பைக் கவனி, மச்சமாமிசம் விட்டதென்று சாப்பாட்டையும் விட்டுவிடாதே.

அண்ணன்,
பற்றிக்


மொன்றியல்
06.04.2003

அண்ணைக்கு,

இன்றைக்குப் பூசை முடிந்து தேவதாசன் அண்ணை வீட்டுக்கு வந்தார். உங்களுக்குத் தெரியும், ஊரில் இருபது வருடம் சுரூபம் தூக்கினவர். படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாய்ப் பார்த்து "அற்புதம், அற்புதம்" என்று வந்தவர், சுரூபம் தூக்குகிற படத்தில் நின்றுவிட்டார்.

"பிள்ளை, உங்கட அண்ணை எப்ப தொட்டுச் சைவத்துக்குப் போனவர்?"

"ஏன் அண்ணை அப்பிடிக் கேக்கிறியள்?"

"சுரூபம் தூக்கிறவையைப் பார். ஒருத்தருக்கும் மேலில சேட் இல்லை. சால்வையை இடுப்பில கட்டிக்கொண்டு நிக்கினம். எங்கட ஆக்கள் வெள்ளைச் சேட் போடாமல் சுரூபத்துக்குக் கிட்டப் போவினமோ? இது நல்லூர்ச் சைவக் கோயில் திருவிழாவெல்லோ! இதை எங்கட ஆள் கீறேல்லை."

அவர் போன பிறகு பன்னிரண்டு படத்தையும் மறுபடி பரப்பிப் பார்த்தேன். நான் குருடியாக இருந்திருக்கிறேன். தென்னைமரம் கீறினவர் ஒரு மாதத்தில் மனிதர் கீறப் பழகமாட்டார்.

படங்களை யார் கீறினது? ஒரு சொல்லில் எழுதவும்.

இமெல்டா


இயேசு மரி சூசை

மன்னார்
27.04.2003

அன்புத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. நீ சுகம் கேட்காமல் எழுதின முதற் கடிதம் இது. நான் கேட்கிறேன், நீங்கள் மூவரும் சுகமா?

ஒரு சொல்லில் எழுத முடியாது, இரண்டு சொல் வேண்டும். கடலும் வானமும் நான். மனிதர் பாலா.

அவள் பெரிய பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடமாகச் சித்திரம் படிப்பிக்கிறாள். றீச்சர் என்று எழுதியிருக்கிறேன், என்ன படிப்பிக்கிறாள் என்று நீ கேட்டதில்லை. உன் கதையை முதலில் வாசித்தவள் அவள். நான் கடலைக் கீறி, ஆள் வருகிற இடத்தை வெள்ளையாய் விட்டுக் கொடுப்பேன். அவள் சமைத்து முடித்து வந்து அந்த வெள்ளைக்குள் ஆட்களை இறக்குவாள். என் அலை அவளுடைய ஆளின் காலை மறைத்துவிட்டதென்று இரண்டு நாள் சண்டை. கடைசியில் அலைதான் விட்டுக்கொடுத்தது.

சேட் விசயத்தைத் தேவதாசன் அண்ணை போலவே நானும் சொன்னேன். அவள் உன் தாளை எடுத்து நீட்டினாள். "முதல் வள்ளத்தில வந்தவை குதிச்சு நேர கோயிலுக்கு ஓடினவை எண்டு உங்கட தங்கச்சிதான் எழுதியிருக்கிறா. புயலுக்குள்ள கடலால ஓடி வாறவனுக்குச் சேட் ஏது? வீட்டை போய் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தவனோ?" என்றாள். உன் கதையை உன்னை விட, என்னை விட அவள்தான் கவனமாக வாசித்திருக்கிறாள்.

இதை நான் குற்றம் ஒப்புக்கொள்வதாக எழுதவில்லை. பெருமையாக எழுதுகிறேன். முதலில் சொன்னால் நீ படத்தைக் கட்டவிழ்த்தே பார்க்கமாட்டாய் என்று பயந்தேன். பார்த்தாய், மூச்சு விடுகிறார்கள் என்று எழுதினாய். அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இனி உன் விருப்பம். ஆனால் ஒன்று. என் பெயரை மட்டும் சொல்வதாக இருந்தால் அந்தக் கதவைத் திறக்காதே. படங்களைத் திருப்பி அனுப்பிவிடு.

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தி தருவார்.

பற்றிக்


இயேசு மரி சூசை

மன்னார்
25.05.2003

தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபாற்காரரைத் தெருமுனையிலேயே மறித்துக் கேட்கிறேன், அவருக்கும் சலித்துவிட்டது. படங்கள் திரும்பியும் வரவில்லை. அதை நல்லதாக எடுப்பதா கெட்டதாக எடுப்பதா என்று தெரியவில்லை.

"உங்கட தங்கச்சிக்குச் சுகமில்லையோ, ஒருக்கால் ரெலிபோன் எடுத்துக் கேளுங்கோவன்" என்று பாலா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எடுத்து நீ வைத்துவிட்டால் என்ன செய்வதென்று எடுக்கவில்லை.

சுகமென்று ஒரு வரி போடு.

அண்ணன்


இயேசு மரி சூசை

மொன்றியல்
16.06.2003

அன்புள்ள மச்சாள் பாலாம்பிகைக்கு,

நீங்கள் சுகமா? பள்ளிக்கூட வேலை கடுமையோ? வெயிலுக்குத் தலையிடி வருவதாக அண்ணை எப்போதோ எழுதியிருந்தார், அது இப்போது எப்படி? அண்ணையையும் சுகம் கேட்டதாகச் சொல்லவும். அவருக்கு வேறாக எழுதவில்லை, கோபிக்கட்டும்.

நான் மன்னிப்புக் கேட்டுப் பழக்கப்பட்ட ஆளில்லை, உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்லுவார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணையின் கடிதம் வந்த அன்றைக்குப் படங்களைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். சரியான கோபம். ஊர் முழுக்க என் இரத்தம், என் பரம்பரை என்று சொல்லித் திரிந்தேனே, என் முகத்தை எங்கே வைப்பேன் என்ற கோபம். இரண்டு தரம் திருப்பி அனுப்ப எடுத்தேன். இரண்டாம் தரம் கட்டை அவிழ்த்தது முகவரித் தாளை உள்ளே வைக்கத்தான். மேலே இருந்தது பொம்பிளைகள் கரையில் காத்து நிற்கிற படம். அதில் ஒருத்தி முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்பாவின் வள்ளம் பிந்தினால் அம்மா அப்படித்தான் நிற்பா. நீங்கள் அம்மாவைக் காண நாங்கள் விட்டதில்லை. அந்த இடத்தில் இருந்துகொண்டு அழுதேன் மச்சாள். அழ வைத்தது அண்ணையின் கடல் இல்லை.

முந்தாநாள் சனிக்கிழமை, அந்தோனியார் பெருநாளுக்கு அடுத்த நாள், நூலகத்தில் கதை. இருக்க இடமில்லை. எங்கள் கோயில் ஆட்கள் இரண்டு வரிசை, பஞ்சாபிகள், கிரேக்கர்கள், கியூபெக்காரர், நிலத்தில் சின்னப் பிள்ளைகள். தேவதாசன் அண்ணை இரண்டாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அச்சடித்த தாளில் படம் கீறினவரின் இடம் வெறுமையாகத்தான் இருந்தது, நான் கடைசி மட்டும் பெயர் கொடுக்கவில்லை. மிச்சிக்கோ சுவரோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டையைத் தட்டினேன். கதையின் பெயர் சொன்னேன். எழுதினது இமெல்டா, அப்பாவிடம் கேட்டது என்று சொன்னேன். பிறகு மூச்சை எடுத்துச் சொன்னேன்.

"இந்தப் படங்களில கடலும் வானமும் என்ர அண்ணை பற்றிக் கீறினது. மனிசர் எல்லாரையும் கீறினது என்ர மச்சாள். மன்னாரில சித்திர றீச்சர். பேர் பாலாம்பிகை."

பிரெஞ்சிலும் சொன்னேன். என் பிரெஞ்சு கார்டெரிப் பிள்ளைகளிடம் பிடித்த பிரெஞ்சு, ஆனாலும் உங்கள் பெயர் சரியாகவே வந்தது. முன்னுக்கு இருந்த ஒரு பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. கதவைத் திறந்தேன்.

கதையைப் பற்றி நானே பீற்றக் கூடாது. பீற்றுகிறேன். சுறாவைப் பாதியில் நிறுத்தினேன், வாலை மட்டும் காட்டி. ஒரு குஞ்சு கூட அசையவில்லை. புயலுக்குப் படத்தை ஆட்டி ஆட்டி உருவினேன், பின்னுக்கு ஒரு கிழவி சிலுவை அடையாளம் போட்டா. சுரூபம் தூக்குகிற படம் வந்தது. தேவதாசன் அண்ணையைப் பார்த்தேன். தாளில் இல்லாத ஒரு வரியை அந்த இடத்தில் சேர்த்தேன். "கடலுக்குள்ளயிருந்து ஓடி வாறவனை, முதல்ல போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு வா எண்டு எங்கட அந்தோனியார் சொல்லுவரோ?" சபை சிரித்தது. அவரும் கையை அவிழ்த்துச் சிரித்தார்.

முடிந்த பிறகு அவர் பெட்டிக்குக் கிட்ட வந்து அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "பிள்ளை, பின்னுக்கு வலப்பக்கம் நிக்கிறவன் தோள் மாத்திறான். பாரம் ஏறினாப் பிறகு அப்பிடித்தான் மாத்துவம், கழுத்தை இப்பிடிச் சரிச்சு. தூக்கினவனுக்குத்தான் அது தெரியும். அவவுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை. "அது என்ர மச்சாள். அவவுக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

மாதக் கதை நேரம் எனக்குத்தான். புரட்டாதியில் தொடங்குகிறது. மிச்சிக்கோ தன் கட்டைகளை எனக்கே தந்துவிட்டாள். அடுத்த கதை உங்கள் ஊர்க் கதையாக இருக்கட்டும் மச்சாள். என்ன கதை என்று நீங்களே எழுதுங்கள். அண்ணைக்குக் கடல் இல்லாவிட்டால் கஷ்டம்தான், வயல் கீறப் பழகட்டும்.

உங்கள் அன்பு மச்சாள்,
இமெல்டா


உ

மன்னார்
13.07.2003

அன்புள்ள மச்சாளுக்கு,

நலம். உங்கள் நலமும் அருமைராசா அண்ணரின் நலமும் பிள்ளையின் நலமும் அறிய ஆவல். தலையிடிக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேன், இப்போது பரவாயில்லை. மாமா, மாமி நலம். ஆடுகளும்.

தேவதாசன் அண்ணர் கேட்டதற்குப் பதில். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் அண்ணை கலியாணம் முடித்த பிறகும் ஒரு வருடமும் தவறாமல் அந்தோனியார் பெருநாளுக்குச் சுரூபம் தூக்குகிறார். அவர் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டார், நீங்கள் கோயிலைப் பற்றி ஏசினால் பேசாமல் இருக்கிறது அவருடைய வழக்கம். நான் ஒவ்வொரு வருடமும் மதிலடியில் நின்று பார்ப்பேன். எந்த இடத்தில் அவருக்குத் தோள் நோகும், எந்த இடத்தில் மாற்றுவார் என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தில் பின்னுக்கு வலப்பக்கம் நிற்கிறவர் அவர்தான். இந்த முறை மதிலடியில் நிற்கவில்லை. றோசா மாமி கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்தினா. "எங்கட அந்தோனியாரைக் கீறினவள் வெளியில நிக்கிறதோ?" என்று கேட்டா.

நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஏழாம் படத்தில் சுக்கான் பிடித்துக்கொண்டு புயலோடு கத்துகிற கிழவர் உங்கள் அப்பா. நான் அவரைக் கண்டதில்லை. சண்டைக்கு இடம்பெயர்ந்தபோது அவருடைய படமும் போய்விட்டது. நீங்கள் நத்தாருக்கு அனுப்புகிற குடும்பப் படத்தை வைத்து, உங்கள் முகத்தைப் பார்த்துக் கீறி, மீசை வைத்தேன். உங்கள் அண்ணை கண்டுபிடித்து அரைமணித்தியாலம் சிரித்துவிட்டுப் பிறகு, "அப்பாதான், அப்பாவேதான்" என்றார். கோபிக்க வேண்டாம். மீசை உங்களுக்கு வடிவாகத்தான் இருக்கிறது.

அடுத்த கதை யோசித்துவிட்டேன். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் தேர் சேற்றில் புதைந்த கதை. அதில் தேர் இழுக்கிறவர்கள் ஒருவருக்கும் சேட் இராது, அங்கே முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நேரம் நான் மா குழைத்துக்கொண்டிருந்தேன். தபாற்காரர் கொடுத்ததை இவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உமக்குத்தான் வந்திருக்கு."

"எனக்கு ஆர் எழுதப் போகினம்?"

"இமெல்டா."

கை முழுக்க மா. வாசியுங்கோ என்றேன். நின்றபடியே வாசித்தார். நீங்கள் சபையில் என் பெயரைச் சொன்ன இடம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். "அந்த இடத்தை இன்னொருக்கால் வாசியுங்கோ" என்றேன். வாசித்தார். "இன்னும் ஒருக்கால்" என்றேன். அதற்குப் பிறகு கையைக் கழுவிப்போட்டு, கடிதத்தை வாங்கி நானே வாசித்தேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சாள்
பாலாம்பிகை பற்றிக்